சுண்டெலிக்கு எதற்கு ஸ்கேன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கடலோரத்தில் விலங்கியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜீனை மாற்றிய சுண்டெலியை ஸ்கேன் எடுத்து, உடலமைப்பில் என்ன மாறியது என்று பார்க்கும் துறையைப் பற்றியவை அவை. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை. அதனால் முதல் தடவை வரிசையாகப் படித்துவிடுங்கள்.

1. ஸ்கேன் எடுத்தா எந்த ஜீன் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிருமா சார்?

தெரியாது. ஸ்கேனில் உறுப்பின் வடிவமும் அளவும்தான் தெரியும். எந்தக் குட்டியில் ஜீன் மாறியிருக்கிறது என்பதை வால் நுனியிலோ காது மடலிலோ ஒரு துணுக்கு எடுத்து, பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து தனியாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. எந்த ஜீனை நிறுத்தினோம் என்பது முன்பே தெரியும். நிறுத்திய எலிகள் ஒரு கூட்டம், நிறுத்தாத உடன்பிறப்புகள் இன்னொரு கூட்டம். இரண்டையும் ஒரே மாதிரிப் படம் எடுத்து எங்கே, எவ்வளவு வித்தியாசம் என்று அளக்கிறார்கள். உடலைக் கட்டுவதில் அந்த ஜீனுக்கு என்ன பங்கு என்பதற்கு அந்த வித்தியாசம் ஒரு துப்பு.

2. எலின்னா வீட்ல ஓடுற எலியா? மனுசனையே ஸ்கேன் எடுக்க வேண்டியதுதானே?

வீட்டு எலியும் வயல் எலியும் ஆகாது. ஆய்வகத்தில் வளர்வது சுண்டெலி. அதிலும் சி57பிஎல்/6ஜே போன்ற உள்ளினக் கலப்பு வகைகளைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அண்ணன் தங்கையாக 20 தலைமுறைக்கு மேல் இணைசேர்த்து வந்ததால், ஒரு கூண்டில் இருப்பவை எல்லாம் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதில் ஒரே ஒரு ஜீனை மாற்றினால், மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல ஓரளவு துணிவு வரும். சுண்டெலியின் மரபணுத்தொகுதி வரைவு 2002இல் வெளியானது. ஜீனை நிறுத்தும் முறைக்கு 2007இல் மருத்துவ நோபல் கிடைத்தது; அதே வேலையைச் சில வாரங்களில் முடிக்க வைத்த, டிஎன்ஏவை வெட்டும் கருவியான கிறிஸ்பருக்கு 2020இல் வேதியியல் நோபல்.

மனிதர்களையும் ஆயிரக்கணக்கில் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆனால் ஒருவர் சாப்பாடு, தூக்கம், ஊர், வயது எதுவும் இன்னொருவருடையதைப் போல இருக்காது. இந்த ஜீன் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி சற்றுச் சிறியது என்ற தொடர்பு மட்டும் அங்கே கிடைக்கும். ஜீனைத் தொட்டுப் பார்த்துக் காரணம் சொல்ல எலிதான் வேண்டும்.

3. அறுத்துப் பார்த்தா தெரிஞ்சிரும். அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மிஷினு?

12 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கருவை 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கனத்தில் சீவினால் 2,400 சீவல்கள் வரும். அதில் சில கிழியும், சில சுருங்கும், சில மடிந்து ஒட்டும். குறுக்கே சீவிய பிறகு ஐயோ, நெடுக்காகச் சீவியிருக்கலாமே என்று நினைத்துப் பயனில்லை. ஸ்கேன் தருவது முழுக் கனப்படம். எந்தக் கோணத்திலும் எத்தனை தடவையும் 'வெட்டி'ப் பார்க்கலாம், கன அளவை அப்படியே எண்ணலாம்.

ஆனால் செல் அளவில் பார்க்க இன்னமும் சீவல்தான். அதனால் முதலில் ஸ்கேன், பிறகு சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் சீவல். அயோடின் ஏற்றிய மாதிரியாக இருந்தால் சோடியம் தயோசல்பேட் கரைசலில் கழுவி நிறத்தை எடுத்துவிட்டுச் சீவலாம். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் பாடத்தில் அறுவையை நிறுத்தச் சொன்ன பிறகு படிக்க வந்தவர்களுக்கு, இந்தக் கனப்படங்களே உள்ளுறுப்பைப் பார்க்கும் நல்ல வழியும்கூட.

4. 40 மைக்ரான் வோக்சல்ங்கிறாங்களே, அது சின்னதா பெருசா?

வலைக்கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் பெரிதானால் சின்ன மீன் நழுவிவிடும். வோக்சல் என்பது கனப்படத்தின் ஒரு துளிக் கட்டி. ஒரு பொருள் படத்தில் பிடிபட அதன் குறுக்கே குறைந்தது இரண்டு மூன்று வோக்சலாவது விழ வேண்டும். 40 மைக்ரான் படத்தில் 50 மைக்ரான் கனமுள்ள சவ்வைத் தேடுவது, நெத்திலி பிடிக்கச் சுறா வலை கொண்டுபோவது போல.

மனித மூளைக்கு வழக்கமான 1 மில்லிமீட்டர் வோக்சலோடு 40 மைக்ரானை ஒப்பிட்டால், பக்கம் 25 மடங்கு சிறியது, கன அளவு 15,625 மடங்கு சிறியது. எம்ஆர்ஐயில் சிக்னல் அந்தத் துளிக்குள் இருக்கும் நீரிலிருந்து வருகிறது. துளி அத்தனை மடங்கு சிறுத்தால் சிக்னலும் அத்தனை மடங்கு சிறுக்கும். 7 டெஸ்லா காந்தம், எலி அளவுக்குச் சுற்றிய சுருள், இரவு முழுக்க ஸ்கேன் எல்லாம் இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

5. சிடி, எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட், ஓபிடி... எதுக்கு எதை எடுக்கணும்?

எலும்புக்கு மைக்ரோ சிடி. சாயம் வேண்டாம், 10 மைக்ரானில் தொடை எலும்பின் உள்வலைப் பின்னலே தெரியும். மென்திசு சிடியில் தண்ணீர் மாதிரிதான் தெரியும். அயோடின் ஏற்றினால் கருவின் உறுப்புகள் எல்லாம் பிரிந்து தெரியும். மூளைக்கு எம்ஆர்ஐ. 9.5ஆம் நாள் கரு மாதிரி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ளவற்றுக்கு ஓபிடி: பென்சைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பென்சைல் பென்சோயேட் இரண்டு பங்கு கலந்த திரவத்தில் கருவைக் கண்ணாடி போலத் தெளியவைத்து, சுற்றிச் சுற்றி ஒளிப்படம் எடுப்பது. 2002இல் வந்த முறை.

துடிக்கும் இதயத்துக்கு அல்ட்ராசவுண்ட். விசைப்படகில் இருக்கும் எக்கோ சவுண்டரின் அதே தத்துவம். படகில் 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸ், எலிக்கு 30, 40 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். ஆழ்கடல் பார்க்க 50ஐப் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

6. ஜிஹெச்ல இருக்கிற ஸ்கேன்ல எலியை வச்சு எடுக்கக் கூடாதா?

கூடாது. நோயாளிகளுக்கான கருவியில் ஆய்வக விலங்கை வைக்க அனுமதி கிடைக்காது. வைத்தாலும் பலன் இல்லை. மருத்துவமனை சிடியின் வோக்சல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் நீளமுள்ள எலி மூளை அதில் 30 துளி நீளம்தான். கேள்வி 4இல் சொன்ன வலைக்கண் கதைதான்.

7. அயோடின்ல ஊறப்போடுறது எப்படி? எங்களுக்கு ஓரம் மட்டும் கறுத்து நடுவுல வெளுப்பாவே இருக்கு.

முதலில் பதப்படுத்தல். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில், 4 டிகிரி குளிரில் ஊற வைக்க வேண்டும். இங்கே ஒரு வழக்கமான குழப்பம் உண்டு: '10 சதவீத ஃபார்மலின்' என்பதும் ஏறக்குறைய 4 சதவீத ஃபார்மால்டிஹைடும் ஒன்றுதான். கடையில் வாங்கும் ஃபார்மலினே 37 முதல் 40 சதவீதம்தான். அதில் 4 மில்லியை 100 மில்லியாக்கி '4 சதவீதம்' என்று எழுதி வைத்தால் உண்மையில் அது 1.6 சதவீதம், கருவின் நடுப்பகுதி அழுகிவிடும்.

அயோடின் கரைசல் 0.1 நார்மல் என்றால் லிட்டருக்கு 12.7 கிராம் அயோடின். 100 மில்லிக்கு 2.5 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கொஞ்சம் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், பிறகு 1.27 கிராம் அயோடினைப் போட்டுக் கலக்கி, கடைசியில் 100 மில்லியாக்குங்கள். வரிசை மாறினால் அயோடின் மணல் மாதிரி அடியில் தங்கும். அந்தத் துகள் ஒட்டிய இடம் படத்தில் நட்சத்திரமாக வெடித்துத் தெரியும். கருவின் கன அளவைப்போல் 20 மடங்காவது கரைசல் வேண்டும். 15.5ஆம் நாள் கருவுக்கு ஒரு நாள் போதும். ஓரம் கறுத்து நடு வெளுத்திருந்தால் அயோடின் உள்ளே போகவில்லை: கரைசலை மாற்றி இன்னும் ஒரு நாள் விடுங்கள். அடர்த்தியைக் கூட்டி அவசரப்பட்டால் அடுத்த தொல்லை வரும்.

அந்தத் தொல்லை சுருக்கம். உப்பில் போட்ட மீன் கருவாடாக வற்றுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அடர்ந்த அயோடின் கரைசல் தண்ணீரை இழுக்கும். நாள்பட நாள்பட அமிலமாகவும் மாறும், அதுவும் சுருக்கும். பாஸ்பேட் பஃபரில் கரைசல் தயாரித்தால் சுருக்கம் நன்றாகக் குறையும். அக்ரிலமைடு ஜெல்லைத் திசுவுக்குள் ஊறவிட்டு (4 டிகிரியில் 3 நாள்), 37 டிகிரியில் 3 மணி நேரம் உறைய வைத்து, வடிவத்தைப் பூட்டிவிட்டு அயோடினில் போடுவது இன்னும் நல்லது. அக்ரிலமைடு உறையும்வரை நரம்பு நஞ்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

நம் பக்கத்து வெயிலில் ஏசி இல்லாத அறை மதியம் 35 டிகிரிக்குப் போகும், விடியலில் இறங்கும். அயோடின் ஊறும் வேகமும் அதோடு ஏறி இறங்கும். அதனால் ஜீன் மாறிய (மியூட்டன்ட்) கருவையும் மாறாத (கன்ட்ரோல்) கருவையும் ஒரே நாளில், ஒரே கரைசலில், பக்கத்துப் பக்கத்துப் புட்டியில் ஊறப்போடுங்கள். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று என்று போட்டால் நீங்கள் அளப்பது ஜீனின் வேலையா, ராம்நாட்டு வெயிலின் வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது. புட்டி பழுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். அயோடின் ஆவி எஃகை அரிக்கும், தராசுக்கும் கணினிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். அம்மோனியா உள்ள எதையும் இதோடு சேர்க்கவே கூடாது. காய்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும்.

8. படத்துல வட்டம் வட்டமா வருது. சில நேரம் விளிம்பு ரெட்டையா தெரியுது. கரு அப்படித்தானா?

கரு அப்படி இல்லை. ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்கள் உணர்கருவியின் சில புள்ளிகள் சரியாக வேலை செய்யாததால் வருபவை; ஸ்கேனுக்கு முன் மாதிரி வைக்காமல் வெற்றுப் படம் எடுத்துத் திருத்தத்தைப் புதுப்பியுங்கள். ரெட்டை விளிம்பு என்றால் மாதிரி நகர்ந்துவிட்டது. அரை டிகிரிக்கு ஒரு படம் என்றால் ஒரு சுற்றுக்கு 720 படம். அதற்குள் தலைமுடி அளவு சரிந்தாலும் தெரியும். 1 சதவீத அகரோஸ் ஜெல்லியில் கருவைப் பதித்து, உறைந்த பிறகு குழாயை மேடையில் பொருத்தி அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டு, அதன் பிறகே ஸ்கேன் தொடங்குங்கள். மூடி சரியாக இல்லாமல் அகரோஸ் காய்ந்தாலும் சரியும்.

9. மூளையை எடுக்க மண்டை ஓட்டை உடைக்கணுமா மேடம்?

உடைக்காதீர்கள். வெளியே எடுத்த மூளை தட்டையாகும்; சிறுமூளை ஓரமும் முன்னால் உள்ள மோப்பக் குமிழும் முதலில் பிய்யும். மண்டை ஓட்டோடு வைத்தே எடுப்பதுதான் நடைமுறை. மயக்கத்தில் உள்ள எலியின் இதயம் வழியாக 30 மில்லி உப்புக் கரைசல் (ஹெபாரினும், எம்ஆர்ஐக்கான சாயமாகிய கடோலினியப் பொருள் 2 மில்லிமோலாரும் கலந்தது), அதன்பின் அதே கடோலினியம் கலந்த 30 மில்லி 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு. தலையைத் தனியாக்கி, தோலையும் கீழ்த்தாடையையும் நீக்கி, 4 டிகிரியில் ஒரு நாள் பதப்படுத்தல். பிறகு கடோலினியமும் 0.02 சதவீத சோடியம் அசைடும் உள்ள பஃபரில் ஒரு மாதமாவது கிடக்க வேண்டும்.

ஒரு மாதமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதப்படுத்திய முதல் சில வாரங்களில் மூளையின் அளவும் சாயத்தின் பரவலும் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றைப் பத்தாம் நாளும் இன்னொன்றை நாற்பதாம் நாளும் எடுத்தால் வித்தியாசம் நிச்சயம் வரும், ஜீனுக்கு அதில் பங்கு இருக்காது. ஸ்கேன் நாளில் ஹைட்ரஜன் இல்லாத ஃப்ளூரின் திரவத்தில் மூளையை மூழ்கவைத்து, காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ஒரு குமிழி ஒட்டினாலும் அதைச் சுற்றிக் கறுப்பு ஓட்டை விழும். 16 சுருள்கள் கொண்ட அமைப்பில் 16 மூளைகளை ஒரே இரவில் முடிக்கிற ஆய்வகங்கள் உண்டு.

10. உயிரோட எடுக்க முடியாதா? பாவம்ல?

முடியும். ஒரே எலியை வாரவாரம் பார்த்து வளர்ச்சியைத் தொடர அதுதான் வழி. மொத்த எலி எண்ணிக்கையும் குறையும். ஐசோஃப்ளூரேன் 3 முதல் 4 சதவீதத்தில் மயக்கி, 1 முதல் 2 சதவீதத்தில் மயக்கத்தைத் தொடர்ந்து, உடல் சூட்டை 37 டிகிரியில் காக்க வேண்டும். மயங்கிய சுண்டெலி சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதிலேயே இறந்தும் போகும். மைக்ரோ சிடியானால் கதிரளவையும் கூட்டிப் பாருங்கள்: முழு உடலுக்கு ஏறக்குறைய 5 முதல் 7 கிரே ஒரே தடவையில் விழுந்தால் பாதி எலிகள் ஒரு மாதத்துக்குள் சாகும். ஒரு ஸ்கேனுக்கு அதில் சிறு பங்குதான். ஆனால் பத்து ஸ்கேன் எடுக்கத் திட்டமிட்டால் எலும்பு வளர்ச்சியையே கதிர் மாற்றிவிடலாம்.

இந்தியாவில் எந்த எலிச் சோதனைக்கும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்ள சிசிஎஸ்இஏ (விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிடும் குழு) பதிவும், நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழு அனுமதியும் வேண்டும். சும்மா ஒரு தடவை பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை.

11. கருவை எந்த நாள்ல எடுக்கணும்? அந்தப் பாயிண்ட் ஐந்து எதுக்கு?

இணைசேர்ந்த மறுநாள் காலை தாயின் பிறப்புறுப்பு வாயில் விந்து உறைந்த அடைப்பு தெரிந்தால் அன்று நண்பகலை 0.5 என்று எண்ணுகிறார்கள். இரவு நடுவில் கருவுற்றிருக்கும் என்ற கணக்கு. மொத்தக் கர்ப்பம் 19, 20 நாள். அதனால் அரை நாள் பிழை சின்ன விஷயம் இல்லை.

இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவர் 14.5ஆம் நாள் வாக்கில்தான் முழுதாக மூடும். 13ஆம் நாள் கருவில் ஓட்டை தெரிந்தால் அது நோயல்ல, வயது. 15.5ஆம் நாளில் உறுப்புகள் எல்லாம் உருவாகிவிட்டன, எலும்பு இன்னும் அதிகம் இறுகவில்லை. அயோடின் சிடிக்கு அது நல்ல நாள். ஒரே தாயின் கருக்களிலும் வளர்ச்சி முன்பின்னாக இருக்கும். தேதியை மட்டும் நம்பாமல் விரல் பிளவு, கண்ணிமை, முடிக்கால் பார்த்து நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

12. 28 குட்டி பார்த்தாச்சு, ரெண்டு பிரதியும் போன குட்டி ஒண்ணுகூட இல்ல. பிசிஆர்ல தப்பா?

தப்பாக இருக்கலாம், ஆனால் முதலில் கணக்கு. ஜீனின் இரண்டு பிரதியில் ஒன்று போன அப்பா அம்மாவுக்கு நான்கில் ஒரு குட்டி இரண்டும் போனதாக இருக்க வேண்டும். 28 குட்டியிலும் தற்செயலாக ஒன்றுகூட வராத வாய்ப்பு 0.75இன் 28ஆம் அடுக்கு: சுமார் 0.0003. ஆக, அந்த ஜீன் இல்லாமல் கரு பிழைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். இது அபூர்வமும் இல்லை. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து, ஜீன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் நாக்அவுட் திட்டத்தின் முதல் 1,751 ஜீன்களில் 410 இப்படி உயிர்பறிப்பவை என்று 2016இல் வெளியானது.

அடுத்த வேலை, எப்போது சாகிறது என்று தேடுவது. 12.5ஆம் நாள் வாக்கில் கருக்களை எடுத்து ஜீன் வகை பாருங்கள். நான்கில் ஒன்று உயிரோடு இருந்தால் 15.5, பிறகு 18.5. இல்லையென்றால் பின்னால் போய் 9.5. சுமார் பத்தாம் நாளில் நஞ்சுக்கொடி முழுப்பொறுப்பை ஏற்கிறது. அந்த நேரத்தில் சாகும் கருக்களை ஸ்கேன் எடுக்கும்போது நஞ்சுக்கொடியைக் குப்பையில் போடாதீர்கள். கோளாறு பல தடவை அங்கேதான் இருக்கும்.

13. வலம்புரிச் சங்கு மாதிரி, உள்ளுறுப்பு இடம் வலம் மாறுன எலி உண்டா?

உண்டு. கீழக்கரைக்காரர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி இது, ஆனால் பாடப்புத்தகக் கேள்வியைவிட நல்ல கேள்வி. 1959இல் விவரிக்கப்பட்ட 'ஐவி' எலியில் வயிறு, மண்ணீரல், இதயத்தின் நுனி எல்லாம் கண்ணாடியில் பார்த்தது மாதிரி மாறியிருக்கும். கருவின் ஏழெட்டாம் நாளில் ஒரு சின்னக் குழியில் உள்ள நுண்மயிர்கள் சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளுகின்றன; அந்த ஓட்டம்தான் எது இடது என்று உடலுக்குச் சொல்கிறது. மயிரை அசைக்கும் மோட்டார்ப் புரதத்தின் ஜீன் கெட்டது ஐவி எலி. அந்த ஜீன் 1997இல் அடையாளம் காணப்பட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஐவி எலிகள் எல்லாவற்றுக்கும் உறுப்பு மாறுவதில்லை. ஓட்டம் இல்லாததால் காசு சுண்டிப்போட்ட மாதிரி பாதிக்கு மாறும், பாதிக்கு மாறாது. 'இன்வ்' என்ற இன்னொரு வகையில் கிட்டத்தட்ட எல்லாமே மாறும். ஐவி கூட்டத்தின் படங்களைச் சராசரி எடுத்தால் இடதும் வலதும் ஒன்றையொன்று அழித்து, நடுவில் மங்கலான வயிறு ஒன்று வரும். கன்ட்ரோலோடு ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடாமலும் போகலாம். சராசரி எடுக்கும் முன் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் பல மாத வேலையைக் காப்பாற்றும்.

14. படத்துல இடது எது, வலது எதுன்னே தெரியலை. சாஃப்ட்வேர் மாத்திக் காட்டுதே?

மறுபடியும் சங்கையே எடுங்கள். வலம்புரியை விலங்கியலார் 'இடச்சுருள்' என்கிறார்கள். அவர்கள் கூர்முனையை மேலே வைத்து வாயைத் தங்கள் பக்கம் பார்க்கப் பிடிக்கிறார்கள். வாய் இடப்பக்கம் திறக்கிறது. நாம் தலைகீழாகப் பிடிக்கிறோம், வாய் வலப்பக்கம். சங்கு மாறவில்லை, பிடித்த கை மாறியது. சங்கை எப்படிச் சுழற்றினாலும் வலம்புரி இடம்புரி ஆகாது. கண்ணாடியில் காட்டினால் மட்டும் ஆகும்.

கனப்படத்திலும் அப்படியே. சுழற்றுவதால் கெடுதல் இல்லை. மூன்று அச்சுகளில் ஒன்றையோ மூன்றையுமோ புரட்டினால் அது கண்ணாடிப் பிம்பம். இரண்டைப் புரட்டினால் வெறும் சுழற்சி. ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும், சீவல்களைக் கீழிருந்து மேலாக அடுக்கும்போதும் சத்தமில்லாமல் ஓர் அச்சு புரண்டுவிடும். சுண்டெலிக்கு வலது நுரையீரல் நான்கு மடல், இடது ஒரே மடல். அதை வைத்துச் சரிபார்க்கலாமே என்றால், கேள்வி 13இன் எலியில் அதுவும் மாறியிருக்கலாம். ஆகவே வெளி அடையாளம் வேண்டும்: பதிக்கும்போது கருவின் வலப்பக்கத்தில் ஒரு மெல்லிய மீன்பிடி நைலான் நரம்புத் துண்டை அகரோஸில் சொருகிவையுங்கள். அயோடின் ஏறிய திசுவுக்குப் பக்கத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். குறிப்பேட்டில் 'நரம்பு = வலது' என்று எழுதுங்கள்.

15. ரெண்டு எலியோட மூளையை எப்படி ஒண்ணு மேல ஒண்ணு பொருத்துறது?

மூன்று படி. முதலில் நகர்த்தியும் சுழற்றியும் ஒரே திசைக்குக் கொண்டுவருதல். அடுத்து மொத்தமாகப் பெரிதாக்கி, சிறிதாக்கி, சாய்த்தல். கடைசியாக ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே இழுத்தும் சுருக்கியும் எல்லா மூளைகளின் சராசரியோடு ஒட்டவைத்தல்.

கட்டம் போட்ட கைலியை விரித்து அங்கங்கே இழுத்துப் பிடித்தால் சில கட்டம் பெரிதாகும், சில சிறிதாகும். ஒரு கட்டம் எத்தனை மடங்கு ஆனது என்பதே ஜேக்கோபியன். 1.05 என்றால் அந்த இடத்தை 5 சதவீதம் பெரிதாக்க வேண்டியிருந்தது. படங்கள் எல்லாம் பொருந்தி ஒன்றுபோல ஆனபின், யாரை எவ்வளவு இழுத்தோம் என்ற இந்தக் கணக்கில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஒப்பிடும்போது அதன் மடக்கையை எடுங்கள். இரு மடங்கும் பாதியும் சமதூரத்தில் வரும்.

16. மொத்த மூளையே சின்னதா இருந்தா எல்லா இடமும் சின்னதுன்னு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது ஒரே ஒரு கண்டுபிடிப்பு, அறுபது இல்லை. கன மில்லிமீட்டரில் ஒரு பட்டியலும், மொத்த மூளையின் சதவீதமாக ஒரு பட்டியலும் தனித்தனியே கொடுங்கள். மொத்தம் 10 சதவீதம் குறைந்து, ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி மட்டும் குறையாமல் இருந்தால் சதவீதப் பட்டியலில் அது 'பெரிதாகி'த் தெரியும். அது வளரவில்லை, மற்றது சுருங்கியது.

17. ஒரு கூட்டத்துக்கு எத்தனை எலி வேணும்? மூணு போதும்னு சொல்றாங்களே.

மூன்று பிசிஆருக்குச் சரி. தோராய விதி: சிதறலை எதிர்பார்க்கும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 16ஆல் பெருக்குங்கள். ஓர் உறுப்பின் அளவு எலிக்கு எலி 4 சதவீதம் சிதறி, நீங்கள் 5 சதவீத வித்தியாசத்தைத் தேடினால் 10.24, அதாவது கூட்டத்துக்கு 11. இரண்டரை சதவீதத்தைத் தேடினால் 41. வித்தியாசம் பாதியானால் எலி நான்கு மடங்கு.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே மியூட்டன்ட், கன்ட்ரோல் இரண்டையும் எடுங்கள். பல ஈற்றுகளிலிருந்து எடுங்கள். ஆண் பெண் இரண்டும் வேண்டும். மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் உட்பக்கம் ஆணில் பெரிது. ஒரு கூட்டத்தில் ஆண் கூடிவிட்டால் அதுவே 'ஜீன் விளைவு' போல வந்து நிற்கும். அளப்பவருக்கு எது எந்தக் கூட்டம் என்று தெரியக் கூடாது.

18. பி மதிப்பு 0.05க்குக் கீழ லட்சக்கணக்குல புள்ளி வருது. எல்லாம் உண்மைதானா?

450 கன மில்லிமீட்டர் மூளையில் 40 மைக்ரான் வோக்சல் ஏறக்குறைய 70 லட்சம். ஒன்றுமே வித்தியாசம் இல்லாவிட்டாலும் அதில் 5 சதவீதம், மூன்றரை லட்சம் புள்ளிகள், அந்த எல்லைக்குக் கீழே விழும். அதனால் பொய்க் கண்டுபிடிப்பு விகிதத் திருத்தம் கட்டாயம். 10 சதவீதம் என்று வைத்தால், தேறிய புள்ளிகளில் பத்தில் ஒன்று பொய்யாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். திருத்திய பின் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் மிஞ்சவில்லை. எல்லையைத் தளர்த்திக்கொண்டே போய் எதையாவது பிடிப்பது, வலையைக் கிழித்துவிட்டு மீன் விழுந்தது என்று சொல்வது.

19. திருத்தம் எல்லாம் பண்ணியும் வித்தியாசம் நிக்குது. அப்ப ஜீன்தானே காரணம்?

இன்னும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஊறவைத்த நாளும் பதப்படுத்திய தொகுதியும் (கேள்வி 7, 9). இரண்டு, வளர்ந்த விதம்: நீர்ப் புதிர்த் தொட்டியில் ஐந்து நாள் வழிதேடப் பழக்கிய சாதாரண எலிகளின் மூளை அளவே எம்ஆர்ஐயில் தெரியும்படி மாறியதை 2011இல் காட்டியிருக்கிறார்கள், ஒரு கூட்டத்துக்கு மட்டும் நடத்தைச் சோதனை செய்துவிட்டு ஸ்கேன் எடுக்காதீர்கள். மூன்றாவது, கிறிஸ்பர் வேறு இடத்திலும் வெட்டியிருக்கலாம். அதே ஜீனைத் தனியாக நிறுத்திய இன்னொரு வரிசை எலியிலும் அதே மாற்றம் வந்தால் நம்பலாம்.

வித்தியாசமே வராமல் போவதும் உண்டு. அண்ணன் வேலையைத் தம்பி ஜீன் பார்த்துக்கொள்ளலாம். மாற்றம் வோக்சலைவிடச் சிறியதாக இருக்கலாம். வடிவம் அப்படியே இருந்து வேலை மட்டும் கெட்டிருக்கலாம். அதையும் எழுதுங்கள்.

20. ராம்நாட்ல உக்காந்துக்கிட்டு இதையெல்லாம் எப்படிப் பழகுறது அண்ணே?

எலியும் ஸ்கேனரும் இல்லாமலே முக்கால்வாசியைப் பழகலாம். கேள்வி 12இல் சொன்ன நாக்அவுட் திட்டம் கருக்களின் கனப்படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பார்க்க 3டி ஸ்லைசர், ஃபிஜி, ஐடிகே-ஸ்னாப், மூன்றும் இலவசம். 1,000 × 1,000 × 1,500 வோக்சல் உள்ள படம் 16 பிட்டில் 3 ஜிபி. 8 ஜிபி மடிக்கணினி அதில் திணறும். மூன்று திசையிலும் இரண்டிரண்டு வோக்சலைச் சேர்த்துச் சிறிதாக்கினால் எட்டில் ஒரு பங்கு, 375 எம்பி, தாராளமாக ஓடும். பகலில் செல்பேசி இணையம் இழுக்காது, இரவில் இறக்கிக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சிக்கு ஒரு கன்ட்ரோல் கருவின் இடது நுரையீரல் போதும். ஓரத்தை ஐந்து சீவலுக்கு ஒரு தடவை வரைந்து, நடுவை மென்பொருளை நிரப்பச் சொல்லி, கன அளவைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல், மறுபடி வரையுங்கள். இரண்டுக்கும் 8 சதவீத வித்தியாசம் வந்தால் உங்கள் கையால் 5 சதவீத ஜீன் விளைவை இப்போதைக்குப் பிடிக்க முடியாது. 2 சதவீதத்துக்குள் வரும்வரை அதே நுரையீரலையே வரையுங்கள்; மியூட்டன்ட் கோப்பைத் திறப்பது அதற்குப் பிறகு.